ஒரு சாண் வித்தியாசம்

சென்னை சென்ட்ரல் என்றதும் எல்லோர் மனத்திலும் எழுவது அந்தச் சிவப்புக் கட்டடமும் மணிக்கூண்டும்தான். தமிழ் சினிமா நமக்குப் பழக்கிவைத்த காட்சி அது. கையில் பெட்டியோடு ஒருவன் வெளியே வருவான், அண்ணாந்து பார்ப்பான், கோபுரத்துக் கடிகாரம் திரையில் தெரியும். கிராமத்தான் பட்டணம் வந்துவிட்டான் என்று சொல்ல வேறு வசனம் தேவைப்பட்டதில்லை. ஆனால் சென்ட்ரலை நாள்தோறும் புழங்குகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பதில்லை. அவர்கள் அங்கே வந்துசேர்ந்தவர்கள் அல்லர். ஆவடியில் ஏறி இங்கே இறங்கித் தாம்பரம் போகிறவர், வேளச்சேரியிலிருந்து வந்து கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடிக்கிறவர், விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் வந்து ஹவுரா மெயிலுக்கு ஓடுகிறவர். ஒரு ரயிலிலிருந்து இன்னொரு ரயிலுக்கு மாறுவதற்காக மட்டுமே அந்த மண்ணை மிதிக்கிறவர்கள். அவர்களுடைய சென்ட்ரலில் கோபுரம் கிடையாது. படிக்கட்டு உண்டு, சப்வே உண்டு, டிக்கெட் கவுன்ட்டர் வரிசை உண்டு, மணி என்ன என்ற பதற்றம் உண்டு. நான் பேச விரும்புவது அந்தச் சென்ட்ரலைப் பற்றி.

பூந்தமல்லி நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும், நடந்தே கடந்துவிடக்கூடிய தூரத்துக்குள், ஐந்து நிலையங்கள் இருக்கின்றன. வடபுறம் 1873-இல் திறக்கப்பட்ட வெளியூர் ரயில் முனையம். அதை ஒட்டி, பழைய மூர் மார்க்கெட் இருந்த இடத்தில், அரக்கோணம் பக்கமும் கும்மிடிப்பூண்டி பக்கமும் போகும் புறநகர் வண்டிகளின் நிலையம். சாலையின் தென்புறம் பார்க் ஸ்டேஷன். கடற்கரையிலிருந்து தாம்பரம், செங்கல்பட்டு போகும் மின்சார ரயில்கள் அங்கே நிற்கும். அதன் பக்கத்திலேயே பூங்கா நகர், வேளச்சேரிக்குத் தூண்களின்மேல் போகும் பறக்கும் ரயிலுக்கு உரியது. இவை எல்லாவற்றுக்கும் அடியில் 2018 மே மாதம் திறக்கப்பட்ட மெட்ரோ நிலையம். வரைபடத்தில் பார்த்தால் ஒரே புள்ளி. நடந்து பார்த்தால் ஐந்து ஊர்.

இந்த ஐந்தும் சேர்ந்து திட்டமிடப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றும் முன்னதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. ராயபுரத்துக்கு அடுத்த முனையமாகத்தான் மதராஸ் ரயில்வே கம்பெனி சென்ட்ரலைக் கட்டியது. ஜார்ஜ் ஹார்டிங் வரைந்த கட்டடத்தை ராபர்ட் சிசோல்ம் பின்னர் மாற்றியமைத்தார். தெற்கே போகும் ரயில்களை நடத்திய தென்னிந்திய ரயில்வே வேறு கம்பெனி. அது 1908-இல் எழும்பூரில் தனக்கென்று ஒரு நிலையத்தைத் திறந்தது. இரண்டு நிலையங்களுக்கும் இடையே அதிகம் போனால் இரண்டு கிலோமீட்டர். ஆனால் ஒன்றின் ரயில் இன்னொன்றுக்குள் நுழைய முடியாமலிருந்தது. சென்ட்ரலில் அகல ரயில் பாதை, 1676 மில்லிமீட்டர். எழும்பூரில் அப்போது மீட்டர் கேஜ், 1000 மில்லிமீட்டர்.

இதன் பொருள் பயணிக்குத்தான் தெரியும். திருநெல்வேலியிலிருந்து பம்பாய்க்குப் பிழைக்கப் போகிறவர் எழும்பூரில் இறங்குவார். ட்ரங்குப் பெட்டி, படுக்கைச் சுருள், கட்டுச்சோற்று மூட்டை எல்லாவற்றையும் ஜட்காவிலோ ரிக்‌ஷாவிலோ ஏற்றிக்கொண்டு சென்ட்ரலுக்கு வருவார். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியபின் இன்னொரு வழியும் கிடைத்தது. எழும்பூரிலேயே அதில் ஏறி அடுத்த நிலையமான பார்க்கில் இறங்கி, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சாலையைத் தாண்டலாம். இரண்டு கம்பெனிகளின் தண்டவாளங்களுக்கு நடுவே விழுந்த இடைவெளியை ஒரு மனிதர் தன் தலைச்சுமையால் நிரப்பினார். அந்த மின்சார ரயிலும் மீட்டர் கேஜ்தான். அது முற்றிலும் அகலப்பாதையாகி மீட்டர் கேஜ் விடைபெற 2004 ஆயிற்று.

அப்படியானால் இப்போது எல்லாம் ஒன்றாகிவிட்டதா? இல்லை. மெட்ரோ வந்தபோது மூன்றாவதாக ஓர் அளவைக் கொண்டுவந்தது: 1435 மில்லிமீட்டர், உலகத்தின் பெரும்பாலான மெட்ரோக்கள் ஓடும் அளவு. அகலப்பாதைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் 241 மில்லிமீட்டர். நம் கணக்கில் ஒரு சாண். அந்த ஒரு சாணுக்காக மெட்ரோ வண்டி ஒருநாளும் பறக்கும் ரயிலின் தண்டவாளத்தில் ஓட முடியாது. பறக்கும் ரயில் சுரங்கத்துக்குள் இறங்க முடியாது. தண்டவாளங்களுக்குள் ஒத்துவராத இடத்தில் மனிதர்கள்தான் இறங்கி நடக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் எல்லாப் பழியையும் அந்த ஒரு சாணின் மேல் போட்டுவிட்டால் உண்மையில் பாதி மறைந்துபோகும். பார்க் ஸ்டேஷனும் பூங்கா நகரும் சென்ட்ரலும் இன்றைக்கு ஒரே அகலத் தண்டவாளம்தான். ஒரே ரயில்வேதான். அங்கேயும் நடக்கத்தான் வேண்டும்.

இதற்கு நேர்மாறான அனுபவம் தரைக்குக் கீழே இருக்கிறது. சென்ட்ரல் மெட்ரோ நிலையத்தின் பரப்பு சுமார் 70,000 சதுர மீட்டர், ஆழம் சுமார் 28 மீட்டர். விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் போகும் நீல வழித்தடமும், இங்கே தொடங்கிக் கோயம்பேடு வழியாகப் பரங்கிமலை போகும் பச்சை வழித்தடமும் ஒன்றன்கீழ் ஒன்றாக இங்கே சந்திக்கின்றன. பிறகு பிரிந்து, நகரத்தை இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டு போய் ஆலந்தூரில் தலைக்குமேல் மறுபடி சந்திக்கின்றன. நீலத்திலிருந்து பச்சைக்கு மாற என்ன செய்ய வேண்டும்? எஸ்கலேட்டரில் ஏற வேண்டும், அல்லது இறங்க வேண்டும். அவ்வளவுதான். சீட்டு வாங்க வேண்டாம், கேட்டைத் தாண்ட வேண்டாம், வெயிலைப் பார்க்க வேண்டாம்.

அந்த வசதி சும்மா வந்ததல்ல. இத்தகைய நிலையங்களை இங்கே மேலிருந்து கீழாகக் கட்டுகிறார்கள். முதலில் நிலையத்தின் நான்கு ஓரங்களிலும் குறுகலாக, ஆழமாகப் பள்ளம் தோண்டுவார்கள். தோண்டத் தோண்ட மண் சரிந்து மூடாமலிருக்க பென்டோனைட் களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து அந்தப் பள்ளத்தை நிரப்பி வைப்பார்கள். கம்பிக்கூட்டை அந்தக் கூழுக்குள் இறக்கி, அடியிலிருந்து கான்கிரீட்டை ஊற்றுவார்கள். கான்கிரீட் ஏற ஏறக் கூழ் மேலே வழிந்து வெளியேறும். சுவர் நின்றபின் மேல்கூரையைப் போட்டு மூடிவிட்டு, அதற்கு அடியில் மண்ணைக் குடைந்துகொண்டே தளம் தளமாகக் கீழே போவார்கள். கூவமும் பக்கிங்ஹாம் கால்வாயும் பக்கத்திலேயே ஓடும் இடத்தில் நிலத்தடி நீரோடு மல்லுக்கட்டிக்கொண்டு இதைச் செய்தார்கள். இங்கிருந்து அண்ணா சாலைப் பக்கம் போகும் சுரங்கம் கூவத்துக்கு அடியிலேயே போகிறது. நடைமேடையில் கூரைவரை உயர்ந்து நிற்கும் கண்ணாடிக் கதவுகள், ரயில் வந்து சரியான இடத்தில் நின்ற பிறகுதான் திறக்கும். விழுந்துவிடாமலிருக்க ஒரு காவல்; குளிர்ந்த காற்று சுரங்கத்துக்குள் போய்விடாமலிருக்கவும்தான்.

28 மீட்டர் ஆழத்தில் இவ்வளவு சுலபமாக மாற முடிகிறது. ஆனால் அங்கிருந்து மேலே வந்து, கண்ணுக்கெட்டும் தூரத்திலுள்ள பார்க் ஸ்டேஷனுக்குப் போய்த் தாம்பரம் வண்டியில் ஏறுவது ஒரு தனிப் பிரயாணம். மெட்ரோ கேட்டில் கணக்கை முடிக்க வேண்டும். சுரங்கப்பாதையில் சரியான வாயிலைக் கண்டுபிடிக்க வேண்டும். படியேற வேண்டும், புதிதாக ஒரு வரிசையில் நிற்க வேண்டும். மெட்ரோவின் பலகைகள் மெட்ரோவுக்குள் வழிகாட்டுவதுபோல வெளியே காட்டுவதில்லை. ரயில்வேயின் பலகைகள் அவற்றின் எல்லைக்குள்தான் பேசும். பொறியியலுக்கு 28 மீட்டர் மண் தடையாக இல்லை. இரண்டு நிர்வாகங்களின் வேலிகள் சந்திக்கும் இடத்தில் யாருடைய பொறுப்பிலும் இல்லாத சில நூறு அடிகள்தான் தடை.

இந்தச் சில நூறு அடிகளில் நடக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் நடையிலேயே ஆளைச் சொல்லிவிடலாம்.

காலையில் வரும் சீசன் டிக்கெட்காரர்களின் நடை ஒன்று. ஆவடி, அம்பத்தூர் பக்கமிருந்து வரும் வண்டி முழுதாக நிற்பதற்கு முன்பே குதிப்பார்கள். எந்தப் பெட்டியில் ஏறினால் இறங்கும்போது வாசலுக்கு நேராக இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். தலையை நிமிர்த்த மாட்டார்கள். முன்னால் போகிறவரின் குதிகாலைப் பார்த்துக்கொண்டே சுரங்கப்பாதைக்குள் புகுந்து, எதிர்ப்பக்கம் ஏறி, தாம்பரம் வண்டி உள்ளே வரும் சத்தம் கேட்டதும் மட்டும் வேகத்தை மாற்றுவார்கள். அவர்களுக்குள் பேச்சு இல்லை. இருந்தாலும் அந்த நடையில் ஒரு கூட்டு ஒழுங்கு இருக்கிறது. யாரும் யார்மேலும் மோதுவதில்லை. பலகைகள் எதையும் அவர்கள் படிப்பதில்லை. அவர்களுக்கு இணைப்பு சரியாக இருப்பதாகத் தோன்றும். பழகிய காலுக்கு எந்தப் பாதையும் சரிதான்.

இரண்டாவது, சுமையோடு வருகிறவர்களின் நடை. வெளியூர் வண்டிக்குப் போகும் குடும்பம். அப்பா முன்னால், சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு. அம்மா நடுவில், ஒரு கையில் தண்ணீர் பாட்டில், இன்னொரு கையில் பிள்ளை. பாட்டி கடைசியில். சமதளம்வரை எல்லாம் ஒழுங்காகப் போகும். படிக்கட்டு வந்ததும் குடும்பம் உடைந்துபோகும். பெட்டியின் சக்கரங்களுக்குப் படியில் வேலை இல்லை. அப்பா அதைத் தோளுக்குத் தூக்குவார். பாட்டி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பார், பின்னால் வருகிறவர்கள் போகட்டும் என்று. சிவப்புச் சட்டைப் போர்ட்டர்கள் ரயில் நிலையத்துக்குள்தான் இருப்பார்கள். இந்த இடைவழியில் அவர்களும் இல்லை.

கூடைக்காரப் பெண்களின் நடை இன்னொரு வகை. திருவள்ளூர்ப் பக்கமிருந்து பூ, கீரை, கொய்யா என்று விடியற்காலையிலேயே புறநகர் வண்டியில் வருகிறவர்கள். அந்த வண்டியில் அவர்களுக்கென்று வெண்டார் பெட்டி உண்டு. கூடையோடு ஏறுவது அங்கே உரிமை. மெட்ரோவில் பையை எக்ஸ்ரே கருவியில் வைத்துக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், பெரிய மூட்டைக்கு இடமில்லை. ஆகவே அவர்கள் மெட்ரோவில் ஏறுவதில்லை; மெட்ரோ கட்டிய சுரங்கப்பாதையில் மட்டும் நடக்கிறார்கள். தலையில் கூடை, கழுத்து அசையாமல், கண் மட்டும் அலைந்துகொண்டு. கேட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள பெரிய கூடத்தைச் சாலை தாண்டும் வழியாக மட்டுமே தெரிந்துவைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். சீட்டு வாங்காத இந்த மக்களுக்கு அந்த நிலையம் செய்யும் உபகாரம் எந்த வருமானக் கணக்கிலும் ஏறாது. என்னைக் கேட்டால் அந்த நிலையத்தின் மிகப் பெரிய பயனே அதுதான். முன்பெல்லாம் அந்த நெடுஞ்சாலையைத் தாண்டியவர்களுக்கு இது புரியும்.

நான்காவது நடைதான் மிக மெதுவானது. அது பொது மருத்துவமனைக்குப் போகிறவர்களின் நடை.

சென்ட்ரலுக்கு எதிரே ஜி.எச். இருக்கிறது. கோட்டைக்குள் 1664-இல் தொடங்கி 1772-இல் இந்த இடத்துக்கு வந்த மருத்துவமனை. ரயில் வருவதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே அது அங்கே இருந்தது. இன்று ரயில்கள்தான் அதற்கு நோயாளிகளைக் கொண்டுவந்து சேர்க்கின்றன: அரக்கோணம், திருத்தணி, பொன்னேரி, ஆந்திரத்தின் சூலூர்பேட்டை, நெல்லூர். கையில் எக்ஸ்ரே கவர், பழைய சீட்டுகள் திணித்த மஞ்சள் பை. பெரும்பாலும் இரண்டு பேராக வருவார்கள், நோயாளி ஒருவர், தாங்கிப் பிடிக்க ஒருவர். சுரங்கப்பாதையின் முனையில் ஒருமுறை ஓர் அம்மாள் அங்கே நின்ற காவல்காரப் பையனிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“தம்பி, ஜி.எச்.சுக்கு இப்படித்தானேப்பா?”

“ஆமாம்மா. நேராப் போயி எஸ்கலேட்டர்ல ஏறுங்க.”

“அதுல நான் ஏற மாட்டேம்ப்பா. பயமா இருக்கு. படி எங்க?”

“படி ரொம்ப இருக்கும்மா. லிஃப்ட் அந்தக் கோடியில இருக்குது, வாங்க காட்டுறேன்.”

பையன் நல்லவன், கூடவே போனான். அந்த அம்மாளின் முழங்கால் சேலைக்கடியில் வீங்கியிருப்பது நடையிலேயே தெரிந்தது. ஓரடி வைத்து நின்று, அடுத்த அடி. நகரும் படியின் விளிம்பில் கால் வைக்கும் அந்த ஒரு நொடிதான் அவரைப் பயமுறுத்தியது. அதைத் தவிர்க்க அவர் தாண்ட வேண்டியிருந்தது கூடத்தின் முழு நீளத்தையும். லிஃப்ட் இருந்தது. அது வேலையும் செய்தது. இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் இல்லை.

போக்குவரத்துத் திட்டமிடுகிறவர்களுக்கு ஒரு பழைய பாடம் உண்டு. வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் பத்து நிமிடமும், மாறுவதற்காக நடந்தும் காத்தும் கழிக்கும் பத்து நிமிடமும் மனிதருக்கு ஒன்றல்ல. பின்னதைச் சுமார் இரு மடங்காக வைத்துக் கணக்கிடுவது அந்தத் துறையின் நெடுநாள் வழக்கம். தலையில் கூடையும் முழங்காலில் வலியும் உள்ளவர்களுக்கு எத்தனை மடங்கு என்று அந்தக் கணக்கில் இருக்காது. சராசரி மனிதன் ஒருவனைக் கற்பனை செய்துகொண்டுதான் அந்தக் கணக்கு போடப்படுகிறது. அவன் கையில் சுமையில்லை, அவனுக்கு வயது முப்பது, ஊர் தெரியும், தமிழோ இங்கிலீஷோ படிக்கத் தெரியும்.

மாறும் பயணி செய்யும் கணக்கே வேறு. தமிழில் அதை மிகத் துல்லியமாக எழுதிக் காட்டியவர் புதுமைப்பித்தன். ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையின் தொடக்கத்தில் கந்தசாமிப் பிள்ளை பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் சந்தியில் நின்று யோசிப்பது ஆன்மிகத்தைப் பற்றியல்ல. டிராமில் போனால் எவ்வளவு மிஞ்சும், அதில் வெற்றிலை போடலாமா. பஸ்ஸில் ஏறிக் கண்டக்டரை ஏமாற்றிச் சென்ட்ரலைத் தாண்டிய பிறகு டிக்கெட் வாங்கினால் அரைக் கப் காப்பிக்குத் தேறுமா என்பதுதான் அவருடைய தத்துவ விசாரம். சென்ட்ரல் அங்கே ஓர் இடமாக வரவில்லை, கட்டணம் மாறும் எல்லையாக வருகிறது. கடவுள் அவருக்குத் தரிசனம் தருவது இந்தக் கணக்குக்கு நடுவில்தான். பட்டணத்து ஏழையின் பயணத்தில் பணமும் காலும் வயிறும் ஒரே கணக்கின் மூன்று வரிகள் என்பதைப் புதுமைப்பித்தன் அறிந்திருந்தார்.

அந்தக் கணக்கு இன்றும் நடக்கிறது. மெட்ரோவில் குறைந்த கட்டணம் 10 ரூபாய், அதிகம் 50. புறநகர் ரயிலில் 5 ரூபாய்க்கே ஏறி உட்காரலாம். சீசன் டிக்கெட் எடுத்தால் இன்னும் மலிவு. கிண்டியில் வேலை பார்ப்பவர் சென்ட்ரலில் இறங்கியதும் இரண்டு வழிகள் அவர்முன் இருக்கின்றன. கீழே இறங்கி நீல வழித்தடத்தில் குளிர்ச்சியாகப் போகலாம், அல்லது சாலையைத் தாண்டிப் பார்க்கில் ஏறி வியர்வையோடு போகலாம். மாதத் தொடக்கத்தில் கீழே இறங்குகிறவர்கள் மாதக் கடைசியில் மேலே ஏறுவதைப் பார்க்கலாம். சம்பள நாள் எதுவென்று சென்ட்ரலின் படிக்கட்டுக்குத் தெரியும். நகரத்தின் எந்த மூலைக்கும் எந்த ரயிலிலும் போகலாம் என்று வரைபடம் சொன்னாலும், யார் எந்த ரயிலில் போவார்கள் என்பதைச் சட்டைப்பைதான் முடிவு செய்கிறது.

இணைப்பு என்பது எவ்வளவு மெல்லியது என்பதை 2023-இல் சென்னை பார்த்தது. கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது பாதை போடுவதற்காக ஆகஸ்ட் மாதத்திலிருந்து பறக்கும் ரயில் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தப்பட்டது. மறுபடி கடற்கரைவரை ஓடத் தொடங்கியது 2024 அக்டோபரில். காரணம் நியாயமானது, பாதை தேவையானது. ஆனால் ஓராண்டுக்கும் மேலாக வேளச்சேரிப் பக்கத்து மக்களுக்குச் சென்ட்ரலோடு நேரடி ரயில் தொடர்பு இல்லை. பஸ்ஸுக்கு மாறினார்கள், ஷேர் ஆட்டோவுக்கு மாறினார்கள், சிலர் நடந்தார்கள். மூன்று நிலையங்களை வழித்தடத்திலிருந்து உருவிவிட்டால் எஞ்சிய மொத்த வழித்தடமும் பாதிப் பயனை இழந்துவிடும். பறக்கும் ரயில் முதலில் 1995-இல் சேப்பாக்கம்வரை, 1997-இல் திருமயிலைவரை, 2004-இல் திருவான்மியூர்வரை, 2007-இல் வேளச்சேரிவரை என்று துண்டு துண்டாக வளர்ந்தது. கட்டியவர்கள் நிலையங்களைப் பெரிது பெரிதாகக் கட்டினார்கள். அங்கிருந்து பஸ்ஸுக்கோ வேறு ரயிலுக்கோ போகும் வழியைப் பற்றி அதே அக்கறையோடு யோசிக்கவில்லை. வெறிச்சோடிய அந்தக் கான்கிரீட் கூடங்கள் நகரத்துக்குச் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான்: ரயில் ஓடினால் மட்டும் போதாது, அது வேறொன்றோடு சேர வேண்டும்.

இந்த இடத்தின் பழைய வரலாறும் சேர்ப்பதைவிட எடுத்துக்கொள்வதையே அதிகம் செய்திருக்கிறது. பார்க், பூங்கா நகர் என்ற பெயர்களுக்குக் காரணமான பீப்பிள்ஸ் பார்க் 1859-இல் ட்ரெவெலியன் ஆளுநராக இருந்தபோது உருவானது. அதற்குள் குளங்கள், பாண்டு வாசிக்கும் மேடை, மிருகக்காட்சிசாலை எல்லாம் இருந்தன. பிறகு ஒவ்வொருவரும் ஒரு துண்டு எடுத்தார்கள். டவுன் ஹால் ஒரு துண்டு, மூர் மார்க்கெட் ஒரு துண்டு, 1913-இல் ரிப்பன் மாளிகை ஒரு துண்டு, கடைசியில் நேரு விளையாட்டரங்கம். மூர் மார்க்கெட் எரிந்ததும் மிருகங்கள் வண்டலூருக்குப் போனதும் ஒரே ஆண்டில், 1985-இல். பழைய புத்தகம் தேடி மூர் மார்க்கெட்டில் அலைந்த ஒரு தலைமுறைக்கு அது மறக்க முடியாத ஆண்டு. எரிந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் எழுந்தது. இன்றைக்கு அங்கே ஒருவர் நிழலில் கொஞ்சநேரம் உட்கார வேண்டுமென்றால் பெரும்பாலும் ஏதாவது ஒரு ரயிலுக்குச் சீட்டு வாங்கியிருக்க வேண்டும். பொதுவெளி என்று இருந்த இடத்தில் பெரும்பகுதி கடந்துபோகும் வழியாகிவிட்டது. குறைந்தபட்சம் அந்த வழியாவது நன்றாக இருக்கட்டும் என்று கேட்பதில் பேராசை ஒன்றும் இல்லை.

கேட்டதற்குப் பதில் கிடைக்காமலும் இல்லை, மெதுவாகக் கிடைத்திருக்கிறது. பஸ், ரயில், மெட்ரோ எல்லாவற்றையும் ஒரு குடைக்குள் கொண்டுவரச் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010-இல் இயற்றப்பட்டது. அந்தக் குழுமத்தின் முதல் கூட்டம் நடந்தது 2022-இல். இடையில் பன்னிரண்டு ஆண்டுகள். 2025 செப்டம்பரில் ‘சென்னை ஒன்’ என்ற செயலி வந்தது. மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் கைப்பேசியில் ஒரே க்யூஆர் சீட்டு. பறக்கும் ரயிலை மெட்ரோ நிர்வாகத்தோடு சேர்க்கும் பேச்சும் நெடுங்காலமாக நடக்கிறது. இவையெல்லாம் வரவேற்க வேண்டியவை. வரிசையில் நிற்கும் நேரம் மிச்சமாகும்; கந்தசாமிப் பிள்ளைகளின் கணக்கு சற்று எளிதாகும். ஆனால் கைப்பேசியில் சீட்டு ஒன்றானதால் காலடியில் பாதை ஒன்றாகிவிடாது. ஸ்மார்ட்போன் இல்லாதவருக்குச் சீட்டும் ஒன்றாகாது. எக்ஸ்ரே கவரோடு வரும் அம்மாளுக்கு முதலில் வேண்டியது செயலி அல்ல. இறங்கிய இடத்திலேயே கண்ணில் படும் ஒரு லிஃப்ட், பாதி வழியில் ஒரு பெஞ்சு, ‘மருத்துவமனை’ என்று பெரிய எழுத்தில் தமிழிலும் தெலுங்கிலும் ஒரு பலகை.

சாதாரண விஷயங்கள்தான். அதனால்தான் விடுபட்டுப் போகின்றன. சுரங்கம் தோண்டும் இயந்திரம் மண்ணைத் துளைத்து வெளியே வரும் நாளில் மாலையும் தேங்காயும் இருக்கும், படம் எடுப்பார்கள், பத்திரிகையில் வரும். ஒரு பெஞ்சு போட்டதற்கு யாரும் தேங்காய் உடைப்பதில்லை. ஒரு நிர்வாகத்தின் எல்லை முடிந்து இன்னொன்றின் எல்லை தொடங்கும் இடத்தில் பெஞ்சு போடுவது யார் என்ற கேள்வி வரும்போது கோப்பு இரண்டு அலுவலகங்களுக்கிடையே நடக்கத் தொடங்கும். அது நடக்கும் வேகத்தில் அந்த அம்மாளே ஜி.எச்.சுக்கு நடந்துவிடுவார்.

இதைச் சொல்ல இப்போதுதான் நேரம். மெட்ரோவின் இரண்டாம் கட்டம் சுமார் 119 கிலோமீட்டர், மூன்று வழித்தடங்கள். புதிதாகப் பல சந்திப்புகள் வரப்போகின்றன. அவற்றில் கடினமானது திருமயிலை. அங்கே இரண்டு வழித்தடங்கள் தரைக்குக் கீழே சந்திக்கின்றன. ஆழம் சுமார் 35 மீட்டர், சென்ட்ரலைவிட அதிகம். மேலே தூண்களின்மேல் 1997-இலிருந்து பறக்கும் ரயில் நிலையம் நிற்கிறது. பக்கத்திலேயே கபாலீஸ்வரர் கோயில்; பங்குனித் திருவிழா நாட்களில் தெருக்கள் நிரம்பி வழியும் இடம். மண்ணைக் குடைவதைப் பற்றிக் கவலையில்லை, நம் பொறியாளர்கள் அதைச் செய்துகாட்டியிருக்கிறார்கள். ஆழத்து நடைமேடையிலிருந்து மேலே ஓடும் ரயிலின் நடைமேடைவரை உள்ள வழி யாருடைய பொறுப்பு என்பதை நிலையம் கட்டி முடிவதற்கு முன்பே எழுத்தில் முடிவு செய்யுங்கள். அந்த வழியை வரைபடத்தில் அளக்க வேண்டாம். முழங்கால் வலியுள்ள ஒருவரையும் தலையில் கூடை சுமக்கும் ஒருவரையும் அழைத்துவந்து நடக்கவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து அளந்து, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.